தோல் தெருவில் குடித்த சோடா

என்னுடைய பழைய அலுவலகத்திலிருந்து போன மாதம் இரண்டு பேர் செம்பூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நாங்கள் தாராவியில் நடத்திய ஓர் ஆய்வின் அறிக்கையை மறுபடி அச்சிடப் போகிறார்களாம். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் வாழ்க்கை வசதியில் என்ன வித்தியாசம் என்று அளந்து பார்த்த ஆய்வு அது. அதை முன்னோடி ஆய்வு என்கிறார்கள், இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே முன்னுரையை நான் எழுத வேண்டுமாம்.

"கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இவ்வளவு துல்லியமா எப்படி சார் பண்ணினீங்க?" என்று வந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்.

துல்லியம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தொண்டைவரை சோடா ஏப்பம் வந்து நின்றதுபோல் இருந்தது. அதன் காரணத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். முன்னுரையாகப் போடுவதென்றால் முழுவதையும் போடட்டும். முடியாது என்றால் அன்று வந்தவர்கள் எனக்குப் போர்த்திய சால்வையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

நான் பம்பாயில், மாதுங்காவில் வளர்ந்தவன். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினேன். வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்று அந்தக் காலத்தில் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆய்வு அலுவலகத்தில் தற்காலிக விசாரணையாளனாகச் சேர்ந்தேன். படிவத்தை எப்படி மடிப்பது, எழுதினால் அழியாத காப்பியிங் பென்சிலை எப்படி நாக்கில் படாமல் பிடிப்பது, பதில் சொல்பவனின் முகத்தைப் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று ஆறு மாதம் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் சொன்னதைத்தான் நான் நன்றாகக் கற்றேன்.

என் மேலதிகாரி வெங்கடாசலம், பாலக்காட்டுக்காரர். காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் சவர பிளேடால் ஆறு பென்சில்களைச் சீவி, ஊசி முனை தன் பக்கம் பார்க்கும்படி வரிசையாக அடுக்குவார். அந்த வரிசை அமையும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு முந்தின நாள் வந்த படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்ப்பார். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், படிவம் மேஜைமேல் நழுவி என்னிடம் திரும்பி வரும்.

"என்ன ஓய், இங்க ஒண்ணும் இல்லையே. அவாளுக்கு வாய் இல்லையா, உமக்குக் கை இல்லையா?"

காலிக் கட்டம் என்பது அவருக்குப் பொய்யைவிடப் பெரிய குற்றம். பொய்யைக் கூட்டி சராசரி எடுக்கலாம். காலிக் கட்டத்தை என்ன செய்வது?

ஆய்வுக்கு ஒரு காரியம் இருந்தது. தாராவியில் ஒரு பொதுக் குடிநீர்க் குழாய் போட ஒரு கமிட்டி சம்மதித்திருந்தது. ஒன்றுதான் போடுவார்கள். அதைக் கடற்கழி ஓரத்தில் மீன்பிடித்து வாழும் கோலிகளின் கோலிவாடாவில் போடுவதா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தெருவில் போடுவதா என்று கமிட்டிக்குக் குழப்பம். எந்தப் பக்கம் நிலைமை மோசம் என்று விஞ்ஞான ரீதியாகச் சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். இரண்டு குழாய் போட்டுவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அது விஞ்ஞானம் ஆகாது போலிருக்கிறது.

படிவத்தின் தலையில் இரண்டு சொற்கள் அச்சாகியிருந்தன. ஒன்று பூர்வகுடி, மற்றது குடியேறியவர். பொருந்தாததை அடித்துவிட வேண்டும். முதல் வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், குடியேறினவான்னா மாதுங்காவும் சேருமே. எங்கப்பாவும் ரயில் ஏறித்தானே வந்தார்?"

வெங்கடாசலம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாம உத்தியோகத்துக்கு வந்தவா ஓய். நம்மளைப் பத்தி ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?"

நான் சிரித்தேன். அது எனக்கு நல்ல பதிலாகவே பட்டது. எங்கள் அப்பா வந்த அதே வண்டியில், பின்னால் வேறு பெட்டியில் வந்தவர்கள்தான் தோல் தெருக்காரர்கள். எங்கள் தெருவில் சங்கீத சபா வைத்தோம், தோல் தெருவில் ஆய்வு வைத்தோம்.

கோலிவாடாவுக்கு முதல் நாள் வெங்கடாசலமே கூட வந்தார். அவர் வெளி வேலைக்கு வந்தது அந்த ஒரு நாள்தான். அங்கே ஊர்ப் பெரியவர் மர நாற்காலி போட்டார். படிவத்தில் குடிநீருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. பதில் சொல்பவர் கூற்று ஒன்று, விசாரணையாளர் நேரில் சோதித்தது இன்னொன்று. இரண்டும் முரண்பட்டால் இரண்டாவதுதான் நிற்கும். தண்ணீரை நாமே குடித்துப் பார்த்து எழுத வேண்டும் என்ற விதியை வகுத்தவரே வெங்கடாசலம்தான். பெரியவரின் மருமகள் பித்தளைச் செம்பில் கொண்டுவந்த தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து இரண்டு வாய் ஊற்றிக்கொண்டார். முகம் சுருங்கியது.

"கரிக்கறது ஓய். போதாதுன்னு போடும்."

கோலிப் பெரியவர் அப்போது மராத்தியில் ஒன்று சொன்னார். எனக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. "சாஹேப், நாங்கள் ஏழைகள் என்று தாராளமாக எழுதுங்கள். தோல்காரர்களைவிட ஏழைகள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பெண் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள்." தோல் தெருவின் கழிவு வந்து கலந்து கழியில் மீன் செத்துக்கொண்டிருந்தது. படகுகள் பாதி நாள் கரையில் கிடந்தன. அவருடைய கவலை எல்லாம் தோல்காரனுக்குக் கீழே பெயர் வந்துவிடக் கூடாது என்பதுதான். அவரைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்று பின்னால்தான் கேட்டுக்கொண்டேன்.

தோல் தெருவுக்கு நான் தனியாகப் போனேன். மாதுங்காவிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கினால் நடந்தே போய்விடலாம். தெரு முனையில் மீரான் பாயின் சோடாக் கடை. அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளில் வேலை பார்த்துக் கை வெந்து, பிறகு கடை வைத்தவர். கடைக்கு முன்னால் ஒரு பலகை போட்டிருந்தார். நான் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள் ஆய்விலும் அந்தப் பலகையைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் என்னிடம் வர வேண்டும். நாற்றம் தாங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்றம் பலகை வரைக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. உண்மைக் காரணம் நான் மாதுங்கா பிராமணன், அவர்கள் ஊரில் சேரியில் வைக்கப்பட்டவர்கள். பட்டம் வாங்கிய கல்லூரியில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருந்தேன்.

முதலில் வந்தவள் இசக்கியம்மாள். முப்பது வயது இருக்கும். கணவன் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. இரண்டு குழந்தைகள், ஒன்று இடுப்பில். படிவத்தில் 'பூர்வகுடி' என்பதை அடித்துவிட்டுப் பிறந்த ஊர் கேட்டேன்.

"இங்கனதான் சாமி. அந்தா தெரியுதுல்லா, அந்தத் தொட்டிக்குப் பின்னால இருந்த குடிசைல."

அவள் தாராவியில் பிறந்தவள். அவளைக் குடியேறியவள் என்று எழுதச் சொன்னவர் பாலக்காட்டில் பிறந்தவர். நான் பென்சிலை நிறுத்தவில்லை.

"இதெல்லாம் எதுக்குக் கேக்கிய சாமி?"

ஆய்வின் நோக்கத்தைப் பதில் சொல்பவரிடம் வெளியிடக் கூடாது என்பது விதி. ஆனால் அவள் தயங்கினாள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். "இதைப் பார்த்துத்தான் குழாய் எங்கே போடறதுன்னு முடிவு பண்ணுவா."

அவள் முகம் மாறியது. இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டாள்.

"குழாயா? மீரான் பாய், சாமிக்கு ஒரு சோடா ஒடைங்க. நல்ல பாட்டிலாப் பாத்து ஒடைங்க."

மீரான் பாய் பாட்டிலை என் கண்ணுக்கு நேரே கழுவி, என் கண்ணுக்கு நேரே அதன் கோலிக்குண்டை அமுக்கினார். வேறு யாரும் தொடவில்லை என்று நான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அது அந்தத் தெருவின் வழக்கம். மேஸ்திரி வந்தாலும், சுகாதார ஆள் வந்தாலும், மேல் சாதிக்காரன் யார் வந்தாலும் வீட்டுத் தண்ணீரைக் கொடுக்க மாட்டார்கள். மூடிய சோடாவை வாங்கிக் கொடுப்பார்கள். தண்ணீரை நீட்டி, அவன் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பக்கமும் முகம் கறுப்பதைத் தவிர்க்கும் மரியாதை அது. எங்களுடைய அற்பத்தனத்துக்கு அவர்கள் தங்கள் கையால் கொடுத்துவந்த மூடி.

குழாய்ச் செய்தி அன்றே தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வீடும் எனக்கு ஒரு சோடா வாங்கியது. ஒரு நாளைக்கு எட்டுப் பாட்டில் குடித்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் குழாய் வராது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று குடித்தேன் என்று சொல்ல ஆசைதான். இலவசமாகக் கிடைத்தது, குடித்தேன். மாதுங்காவுக்குத் திரும்பும்போது ரயில் பாலத்தின் ஒவ்வொரு படியிலும் ஏப்பம்.

படிவத்தின் கீழ்ப் பகுதியில் 'சொகுசுப் பண்டங்கள்' என்று ஒரு வரிசை. சிகரெட், ஹோட்டல் டீ, சோடா, சினிமா. இசக்கியம்மாளிடம் கேட்டேன்.

"சோடா வாங்குவீங்களா?"

அவள் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். "வாங்கினோம்லா சாமி. கையில வச்சுக்கிட்டுக் கேக்கிய."

ஆம் என்று கோடு போட்டேன். எல்லாப் படிவத்திலும் போட்டேன். ஒரு நாள் மீரான் பாய் பாட்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், ஒங்க சர்வே இன்னும் ஒரு மாசம் நடக்கட்டும். எனக்கு நல்ல தந்தா, நல்ல யாவாரம். இந்தத் தெருவுல சோடா குடிக்கிற ஒரே ஆள் நீங்கதான்."

நகைச்சுவை என்று சிரித்தேன். நான் சேகரித்த தகவல்களிலேயே உண்மையானது அது ஒன்றுதான். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

தண்ணீர்க் கட்டத்துக்கு வருகிறேன். இசக்கியம்மாள் விவரமாகவே சொன்னாள். தெருவில் ஒரு கிணறு உண்டு. அதில் சுண்ணாம்பும் தோல் ஊறிய நீரும் இறங்கிவிட்டன. பாத்திரம் கழுவினாலே பாத்திரத்தில் வெள்ளை படியும். குடிக்கிற தண்ணீர் ரயில் லைனுக்கு அந்தப் பக்கத்துக் குழாயில். மற்றவர்கள் எல்லாம் பிடித்து முடித்த பிறகு, யாராவது மனம் வைத்துக் குழாயைத் திறந்து இவர்கள் குடத்தில் விட வேண்டும். இவர்கள் கை குழாயில் படக் கூடாது.

"அவ மனசு வச்சா ரெண்டு குடம், இல்லன்னா வெறுங்குடம். சின்னவளுக்கு வயித்துப்போக்கு நிக்கவே மாட்டேங்குது சாமி. கொஞ்சம் நல்ல தண்ணி கிடைச்சாப் போதும்னு டாக்டர் சொல்லுதாரு. எங்க போக?"

சின்னவள் பலகைக்கு அருகே நின்று என் காப்பியிங் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி மட்டும் பெரியதாக, கால் குச்சியாக.

போதாது என்று எழுதினேன். அது பதில் சொல்பவர் கூற்று. அடுத்த கட்டத்துக்கு நான் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். காலியாக விட்டேன். எல்லாப் படிவத்திலும் அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.

தோல் தெருப் படிவங்களை வெங்கடாசலம் இரண்டு நாள் பால்கனியில் வெயிலில் போட்டு வைத்த பிறகே தொட்டார். "மீன் வாடை பழகிடும் ஓய், இது பழகாது" என்றார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முன்னால் படிவங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்னை நிரந்தரமாக்கும் காகிதம், கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு. அது அங்கே இருப்பது எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வைத்திருந்தார்.

"தண்ணிக் கட்டம் அத்தனையும் காலி. குடிச்சுப் பார்த்தீரோ?"

"இல்லை சார்."

"கோலிவாடாவில நான் குடிச்சேன். போதாதுன்னு போட்டோம். இங்க நீர் குடிக்கலை. குடிக்காம போதாதுன்னு எப்படிப் போடறது?"

"அவா போதாதுன்னுதான் சொன்னா, சார்."

"குழாய் வரதுன்னு தெரிஞ்சா எவன் போதும்னு சொல்லுவான்? அது கிடக்கட்டும். வீட்டுக்கு வீடு சோடா வாங்கறா. கோலிக்காராளுக்கு அது உண்டோ? சோடா குடிக்கறவாளுக்குத் தண்ணிப் பஞ்சமா ஓய்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "சார், அந்த சோடா எனக்காக வாங்கினது."

பென்சில் சீவிக்கொண்டிருந்த கை நின்றது. "நீர் கேட்டீரோ?"

"இல்லை."

"அவா வாங்கினாளா இல்லையா?"

"வாங்கினா."

"அப்போ எழுதினது சரி. ஏன் வாங்கினான்னு கேக்க நம்ம படிவத்தில கட்டம் இல்லை."

"நீங்க ஒரு தடவை நேரில வந்து பார்த்தா..."

"நானா? ஸ்நானம் பண்ணிட்டு ஆபீஸுக்கு வரவன் ஓய் நான்." பிளேடை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "காலியா இருக்கறதை நிரப்பும். முரண்பாடா இருக்கறதைச் சரி பண்ணும். சாயங்காலத்துக்குள்ள எனக்கு வேணும்."

நான் நியாயத்துக்காக ஏதோ வாதாடினேன் என்று இந்த இடத்தில் எழுதினால் நன்றாக இருக்கும். நான் பிளேடை எடுத்தேன். என் மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு படிவத்திலும் பதில் சொல்பவர் கூற்றில் நான் எழுதியிருந்த போதாது என்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு கட்டத்திலும் போதும் என்று எழுதினேன். நேரில் சோதித்தேன் என்று என் கையெழுத்தையும் போட்டேன். காப்பியிங் பென்சில் எழுத்து லேசில் போகாது. தாள் ஓட்டை விழாமல் சுரண்ட வேண்டும். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்தேன். இசக்கியம்மாளின் படிவம் மேலேயே இருந்தது, அதைத்தான் முதலில் முடித்தேன். சாயங்காலம் வெங்கடாசலம் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தைத் தாண்டியதும், எனக்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிற்காலத்தில் செம்பூரில் நான் வாங்கிய வீட்டுக்கு அடிக்கல் அன்றைக்கு விழுந்தது.

அறிக்கை வந்தது. குடியேறியவர்கள் பூர்வகுடிகளைவிட வசதியாக இருக்கிறார்கள், அவர்களிடம் சொகுசுச் செலவு செய்யும் பழக்கம் காணப்படுகிறது, குடிநீர் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. கமிட்டிக்குப் பரம திருப்தி. கோலிவாடாவுக்குக் குழாய் வந்தது. அவர்களுக்கும் அது தேவைதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. தங்களைத் தோல்காரர்களுக்குக் கீழே வைத்துவிட்டார்கள் என்று அந்தப் பெரியவர் கொஞ்ச நாள் எங்கள் ஆட்களோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

தோல் தெருக்காரர்கள் அங்கே நம்பிக்கையோடு என்னைத் திருப்திப்படுத்திக்கொண்டிருந்ததைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். குழாய் வேண்டும் என்று என்னை உபசரித்தார்கள். உபசரித்ததால் குழாய் போயிற்று. இந்த அநியாயத்தை எந்த அறிக்கையாவது கண்டுபிடித்திருக்கிறதா?

மழைக்காலம் முடிந்த பிறகு, குழாயின் பயன் பற்றி ஒரு பாரா எழுதிவர என்னை அனுப்பினார்கள். கோலிவாடாவில் எழுதிக்கொண்டு திரும்பும் வழியில், புதுக் குழாயடியிலிருந்து வரிசையின் கடைசிக் குடத்தை இடுப்பில் வைத்து இசக்கியம்மாள் நடப்பதைப் பார்த்தேன். கோலிப் பெண்கள் எல்லாரும் பிடித்த பிறகு, தண்ணீர் நூலாக இறங்கும் நேரத்தில், இவர்களுக்கும் கொஞ்சம் விடுகிறார்கள் போலிருந்தது. குடத்தில் பாதிதான் இருந்தது, சளசளவென்று சத்தம் கேட்டது. பின்னாலேயே போனேன். பலகையைத் தாண்டி, முதல் தடவையாக அந்தத் தெருவுக்குள் போனேன். அவள் வாசலில் குடத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சார், இம்புட்டு தூரம்?"

சாமி போய் சார் ஆகியிருந்தது.

"இசக்கி, குழாய் இங்க வராததுக்கு நான்தான் காரணம். தண்ணி போதும்னு எழுதிட்டேன்."

"போதும்னா யாருக்கு?"

உள்ளே பாயில் சின்னவள் சுருண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்க்கத் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அதை நினைத்தால் சுரண்டியதைவிட வெட்கமாக இருக்கிறது. இந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் என் பாவத்தில் ஏதோ ஒரு பங்கு கழியும் என்று தோன்றியது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன். பெரிய காரியம் செய்கிறவனைப்போல் கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துக் குடத்தின் வாயை மூடினாள்.

"கடைசியா நின்னு பிடிச்ச தண்ணி சார் இது. புள்ளைக்கு வேணும். ஒங்க மனசுக்கு ஊத்துறதுக்கு இதுல இல்ல." பிறகு தெரு முனையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மீரான் பாய், சாருக்கு ஒரு சோடா ஒடைங்க."

மீரான் பாய் பாட்டிலை என் கண்ணுக்கு நேரே கழுவினார். நான் குடித்தேன்.

அறிக்கையை அச்சிடுங்கள். ஆனால் குடிநீர் பற்றிய பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் தெருவின் தண்ணீரை நேரில் சோதித்ததாகக் கையெழுத்திட்டவன் உயிரோடு இருக்கிறான். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.